நிஷா மிஸ்ஸிங்

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பவரைப் பதறவிட்டு வேடிக்கை பார்க்க எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு நான் பதறியதே போதும்.

மேனாம்பேட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வசந்தகுமாரி நெட் சென்டர் என்று போர்டு இருக்கும். தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் நான். அதனால் எங்கள் தெருவுக்கு வருகிற இங்கிலீஷ் எல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். பேங்க் மெசேஜோ, கம்பெனிக் கடிதமோ, ஸ்கூல் சர்க்குலரோ, "வசந்தா, இன்னா போட்டுக்கீறான் பாரு" என்று போனை நீட்டிவிடுவார்கள். நானும் பெரிய துரைசாணி மாதிரி படித்துச் சொல்லுவேன். அந்தத் திமிர்தான் அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது.

தாயம்மாக்காவும் அப்படித்தான் போனைத் தூக்கிக்கொண்டு வருவார். வயது ஐம்பத்தாறு. பிறந்தது வியாசர்பாடி, கல்யாணமாகி வந்தது இங்கே. புருஷன் செங்கல்வராயன் பெயிண்டர். வேலை இருந்தால் சாரத்தில் இருப்பார், இல்லையென்றால் டீக்கடையில் இருப்பார். இரண்டு இடத்திலும் வாயே திறக்க மாட்டார். மகன் பிரசன்னா ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அக்கா பதினான்கு வருஷமாக ஒரு ஸ்கூல் வேனில் ஆயா. காலையில் வேனில் ஏறி ஒவ்வொரு பிள்ளையாக வாங்கி உட்கார வைக்க வேண்டும், சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையாக இறக்கி ஒப்படைக்க வேண்டும். கேட்டருகே விட்டுவிட்டு வருகிற கதையெல்லாம் அக்காவிடம் கிடையாது. வீட்டு ஆள் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டால்தான் வேன் நகரும். டிரைவர் குணசேகரன் ஹாரன் அடித்தால், "இன்னாத்துக்கு அடிக்கிற? கொயந்தயப் பெத்தவங்க வர வாணாமா?" என்பார்.

படிப்பு மூன்றாவதோடு சரி. ஆனாலும் வேனில் புழங்கிப் புழங்கி ஒரு ஐம்பது இங்கிலீஷ் வார்த்தை அக்காவின் நாக்கில் குடியிருக்கிறது. அதில் ரொம்பவும் தேய்ந்தது மிஸ். டீச்சர்கள் எல்லாம் மிஸ். விளையாட்டு சொல்லித்தருகிற ஆம்பளை வாத்தியாரைக்கூட ஒருமுறை பீட்டி மிஸ் என்று கூப்பிட்டுவிட்டு, அவர் முறைத்ததை என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வேனைத் தவறவிட்ட பிள்ளை "மிஸ் பண்ணிட்ச்சி". ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசன்னாவுக்கு ஒரு மிஸ்டு கால். அவன் திருப்பிக் கூப்பிடுவான். சில ஞாயிறு கூப்பிட மாட்டான்.

எனக்கு அந்தச் சொல் வேறு மாதிரி பழக்கம். நாய் காணோம், மார்க் ஷீட் காணோம், பூந்தமல்லி பஸ்ஸில் ஏறின தாத்தாவைக் காணோம் என்று யார் வந்தாலும் மேலே மிஸ்ஸிங் என்று சிவப்பில் பெரிதாக அடித்து, நடுவில் போட்டோ வைத்துக் கொடுப்பேன். மிஸ்ஸிங் என்றாலே என் கண்ணுக்கு அந்த சிவப்பு எழுத்துதான் தெரியும்.

போன மாசம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. தனக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு நாகம்மாவை வேனுக்கு அனுப்பியதும் அக்காவேதான். நாகம்மா நல்ல பெண், ஆனால் போனில் ரீல்ஸ் ஓடினால் உலகம் இருண்டாலும் தெரியாது. ஏழாவது நாள், வியாழக்கிழமை சாயங்காலம் நாலேகால் இருக்கும், அக்கா நொண்டிக்கொண்டே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வசந்தா, வேலைய உட்டுடறேன்னு ஒரு லெட்டர் அடிச்சிக் குடு."

"ஏன்க்கா? கால் இன்னும் நாலு நாள்ல சரியாய்டும்."

"காலு சரியாவும். மனசு ஆவாதுமா. ஆறு நாளா பட்த்துக்கினு கீறேன். கீறேனா பூட்டேனான்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா? பதினாலு வருசம். ஸ்டெப்பினி மாத்திக்கினு போற மாரி நாகம்மாவ மாத்திக்கினு போய்க்கினே கீறாங்க. நான் இல்லாங்காட்டி அங்க ஒண்ணும் நிக்கல."

எனக்கு அந்த ஸ்கூல்காரர்கள் மேல் எரிச்சலாக வந்தது. அதே கோபத்தோடு ரெஸ்பெக்டட் சார் என்று தட்ட ஆரம்பித்தேன். அப்போது அக்காவின் போன் டிங் என்றது.

"யார்னு பாரு."

நம்பர் புதிது. ஆனால் போட்டோவில் ஒரு அம்மாவும் சின்னப் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் காட்டினேன்.

"அட, நம்ம நிஷா. திருமுல்லைவாயல் ஃபிளாட்டு. ஒண்ணாப்பு படிக்கிது. அது அவங்கம்மா ஷோபனா, ஊட்லயே கம்ப்யூட்டர் வேல பாக்கறாங்களே. இன்னா போட்டுக்கீறாங்க?"

நாலே வார்த்தை. நிஷா மிஸ்ஸிங். ப்ளீஸ் கால்.

ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள் போல. வாயில் வந்ததை அப்படியே கொட்டிவிட்டேன்.

"அக்கா, நிஷாவக் காணோமாம்."

அக்கா கத்தவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "எத்தினி மணிக்குப் போட்டாங்க?" என்றார்.

"இப்பத்தான்."

"நாலு மணிக்கு எறங்கும். அப்ப நாகம்மா கேட்டுலயே உட்டுட்டு வந்துட்டா. நான் லீவு போட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

ஷோபனாவுக்கு மூன்று தடவை போட்டும் வேறு காலில் இருப்பதாகவே வந்தது. நாகம்மா போன் ஆஃப். குணசேகரன் வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான். நான் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, அக்காவை ஸ்கூட்டியில் ஏற்றினேன்.

அம்பத்தூர் ஓ.டி. தாண்டுவதற்குள் நாகம்மாவைத் திட்டினேன், அவள் போனைத் திட்டினேன், முன்னால் வழிவிடாமல் போன தண்ணி லாரியைத் திட்டினேன். அக்கா யாரையும் திட்டவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வந்தார்.

"பின்னாடி பக்கம் தரைக்கடியில தண்ணி சம்ப் கீது வசந்தா. தண்ணி லாரி வந்தா மூடிய தொறந்தே போட்டுடுவாங்க. அது பட்டாம்பூச்சியப் பாத்தா பின்னாடியே ஓடும், கீழப் பாக்காது. நா எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன் அந்த வாட்ச்மேன்கிட்ட."

அதற்குமேல் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. முருகா, அந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

ஃபிளாட் வாசலில் வாட்ச்மேன் நிதானமாக எழுந்து வந்தார். "இன்னா ஆயாம்மா, காலு தேவலயா?" என்றார். ஒரு பிள்ளை காணாமல்போன இடத்து வாட்ச்மேன் பேசுகிற பேச்சா அது?

"நிஷா எங்க?" என்றார் அக்கா.

"தோ, படிக்கட்டாண்ட. அரை மணியா மேல ஏற மாட்டேன்னு ஒக்காந்துகினு கீது."

நிஷா உட்கார்ந்திருந்தாள். ஷூ கழற்றாமல், பை கழற்றாமல், கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோட்டோடு பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்துப் படியில் மடியில் லேப்டாப்பும் தலையில் ஹெட்போனுமாக அவள் அம்மா.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உடனே எனக்குக் கோபமும் வந்துவிட்டது. நேரே போய் ஷோபனாவின் முன்னால் நின்றேன்.

"ஏம்மா, கொழந்தய பக்கத்துல வெச்சிக்கிட்டு மிஸ்ஸிங்னு போடுவீங்களா? மூணு தடவ ஃபோன் பண்ணேன், எடுக்கல. வழியெல்லாம் எங்களுக்கு உசுரே இல்ல."

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு விழித்தாள். ஈரோட்டுப் பக்கம் போலிருக்கிறது, பதறினாலும் மரியாதை குறையவில்லை.

"மீட்டிங்ல மாட்டிக்கிட்டேனுங்க. மிஸ்ஸிங்னுதானுங்க போட்டேன். ஒரு வாரமா இவ ஆயாம்மாவைத் தேடறாளுங்க. வேன்ல ஏற அழுகை, எறங்குனா அழுகை. ஆயாம்மா வந்தாத்தான் மேல வருவேன்னு இன்னைக்கு இங்கயே உக்காந்துக்கிட்டா. போன்ல ஒரு வார்த்தை பேசினா சமாதானம் ஆவாளேன்னு மெசேஜ் போட்டேன். ஸ்கூல்ல நம்பர் தரவே இல்லைங்க. இன்னைக்குத்தான் டிரைவர் அண்ணன்கிட்ட கெஞ்சி வாங்கினேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மிஸ்ஸிங்குக்குப் பின்னால் ஒரு யூ வந்திருக்க வேண்டும். தமிழில் குழந்தை தேடுது என்றால் போதும். யாரை என்று கேட்கிறவருக்கே தெரியும், யாரும் விளக்க வேண்டியதில்லை. இவள் அப்படியே தமிழில் நினைத்து, இங்கிலீஷில் தட்டி, யூவை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பி.ஏ. படித்த நான், நிஷா தேடுகிறாள் என்பதை நிஷாவைத் தேடுகிறார்கள் என்று ஆக்கி, ஒரு முழங்கால் வீங்கின மனுஷியை மெயின் ரோட்டில் பறக்கவிட்டு இழுத்து வந்திருக்கிறேன். அப்பாடா என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பாக வந்தது, வெட்கமாக இருந்தது, கொஞ்சம் அழுதும்விட்டேன். ஷோபனா உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்றாங்க? என்னத் தேட்ச்சா?"

"உங்களத்தாங்க்கா. நான்தான் தப்பா படிச்சிட்டேன். மிஸ்ஸிங்னா அதுவும் அர்த்தம்தான்."

"ஆறு நாளாவா?"

"ஆறு நாளாத்தானுங்க" என்றாள் ஷோபனா.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த லெட்டரு எதுவரிக்கும் அட்ச்ச?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெஸ்பெக்டட் சார் வரைக்கும்."

"அங்கயே நிக்கட்டும் அந்த சாரு."

பிறகு நொண்டிக்கொண்டே போய் நிஷாவின் பக்கத்தில், காலை நீட்டியபடி மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். நிஷா நிமிர்ந்து பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஆறு வயசுக்கு அவ்வளவு கோபம்.

"உன்னக் காணோம்னுட்டாங்க கண்ணு" என்றார் அக்கா. "எனக்கு நெஞ்சே நின்னு பூட்ச்சி."

"நான் எங்கயும் போகலயே" என்றாள் நிஷா, திரும்பாமலே. "நீதான காணாமப் போன."

அக்கா அவள் தோளிலிருந்து பையை மெல்லக் கழற்றினார். பிறகு, "ஆமா கண்ணு, நான்தான் பூட்டேன். நாளிக்கு வந்துர்றேன்" என்றார்.