மூன்றாம் ராஜாவின் ஆரம்

மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அண்டாமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு இறக்கிய பசையின் புளித்த வாசனையும், நகப்பாலிஷின் காட்டமான நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எந்த மாதமானாலும் எனக்கு டிசம்பர் வந்துவிடும். ஆரணியில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் நகை செய்யும் மாதம் அது. தங்கத்துக்கு எங்கே போவது? எங்களுடையது அட்டை நகை.

பட்டுப்புடவைக் கரையில் பூவும் பறவையும் விழுவதற்காக, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில், துளை போட்ட நீள நீள அட்டைகளை நூற்றுக்கணக்கில் கயிற்றால் கோத்துச் சங்கிலியாகத் தொங்கவிடுவார்கள். ஓர் அட்டை நகர்ந்தால் ஓர் இழை விழும். தேய்ந்துபோன அட்டைகள் எங்களுக்கு வரும். அவற்றை மாங்காய் வடிவிலும் அரசிலை வடிவிலும் வெட்டி, வண்ணம் பூசி, போன வருஷத்து வாழ்த்து அட்டைகளிலிருந்து நட்சத்திரத்தையும் தேவதையின் இறக்கையையும், கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து தங்க ஓரத்தையும் கத்தரித்து ஒட்டி, விளிம்பில் ஜரிகைக் கழிவைச் சுற்றி, மேலே நகப்பாலிஷ் அடித்தால் பளபளவென்று நிற்கும். எனக்குக் கைவேலை சுத்தம் என்று பெயர். தெருவில், நகை செய்கிற பத்தர் மாதிரி என்று, "பத்தரம்மா வராங்க" எனக் கேலி செய்வார்கள். கேலி என்று தெரிந்தும் எனக்கு அது பிடித்திருந்தது.

பதினோரு வயதில், கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பாலன் இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களுக்கும் நகை செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு ராஜாக்களோடு பழைய அட்டை தீர்ந்துபோனது. மறுநாள் நாடகம். மூன்றாம் ராஜாவை மொட்டைக் கழுத்தோடு அனுப்பினால் பத்தரம்மாவின் மானம் என்னாவது? எங்கள் வீட்டில் அப்பா நெய்யும் தறிக்கூடத்துச் சுவர் ஆணியில் ஒரு அட்டைக் கட்டு தூசியும் ஒட்டடையுமாகத் தொங்கியது. தூசி படிந்தால் பழசு, பழசென்றால் எங்களுக்கு. என் சட்டம் அவ்வளவுதான். முதலிலோ கடைசியிலோ எடுத்தால் தெரியும் என்று நடுவில் பதினாறு அட்டைகளை உருவிவிட்டு, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, மூலைகளை மட்டும் லேசாக மழுக்கி, முப்பத்திரண்டு இலைகளை முழங்கால் வரை தொங்கும் ஆரமாகக் கோத்தேன். அதைப் போட்டுக்கொண்டு மூன்றாம் ராஜா நடந்து வந்தபோது, தொட்டிலில் கிடந்த பாலனைவிட அவனைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அதுபோல ஒரு சந்தோஷம் பிறகு பத்துத் தடவைகூட வந்ததில்லை.

தை பிறந்தது. பெரணமல்லூரிலிருந்து ஒரு கல்யாணப் புடவைக்குச் சொல்லியிருந்தார்கள். பெண்ணின் அம்மா தன் கல்யாணத்தில் கட்டிய அதே அன்னக் கரைதான் வேண்டும் என்றாராம். அப்பா ஆணியிலிருந்து அந்தத் தூசிக் கட்டை இறக்கிப் பெட்டியில் ஏற்றினார். நாலு விரற்கடை நெய்த பிறகு தறியிலிருந்து அவர் போட்ட சத்தம் அடுப்பங்கரை வரை கேட்டது.

"இன்னாடி இது? அன்னத்துக்குக் கழுத்தே இல்ல! வாத்து வந்துகினு கீது!"

அம்மா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. போன வருஷம் அந்தக் கட்டைப் பிரித்துப் புதுக் கயிற்றில் கோத்தவர் இரண்டு வீடு தள்ளியிருந்த ஞானம் அக்கா. அட்டை கோப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. அப்பா நேராக அவர் வாசலில் போய் நின்று, "நடுவுல கொஞ்சம் அட்டைய உட்டுட்டு கோத்துக் குடுத்துகிறியே ஞானம், என் தொழில் இன்னா ஆவறது?" என்று தெருவே கேட்கக் கத்தினார். அக்கா, "நான் எண்ணித்தான் கோத்தேண்ணா" என்றார். சாயங்காலத்துக்குள் இரண்டு தறிக்காரர்கள் அவரிடம் கொடுத்திருந்த அட்டைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ராத்திரி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். "திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இன்னாடி முழிக்கிற?" என்று அம்மா கேட்டாள். வயிற்று வலி என்றேன். இரண்டு நாள் அந்த வலியையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆரம் என் டிரங்குப் பெட்டியில் பள்ளிக்கூடச் சீருடைக்கு அடியில் இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அடி விழும் என்ற பயம் பாதி. ஆரம் போய்விடுமே என்ற ஆசை மீதி. ஆசைதான் பெரிய பாதி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் காலை அக்காவே வந்தார். கட்டைக் கீழே இறக்கச் சொல்லி, தரையில் விரித்து, அட்டை ஓரத்தில் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இருநூற்றுப் பதினொன்றுக்கு அடுத்தது இருநூற்று இருபத்தெட்டு. அங்கே கயிற்றில் ஒரு முடிச்சு. குனிந்து பார்த்தார்.

"அண்ணா, இது என் முடிச்சி இல்ல. இஸ்கோலு பசங்க ஷூவுக்குப் போடற முடிச்சி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பெயர் சொல்லவில்லை. அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. நான் உள்ளே போய் ஆரத்தை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தேன். அப்பா கையை ஓங்கினார். "அடிக்காதீங்கண்ணா, புள்ள கையால ஆவவேண்டிய வேல கீது" என்று அக்கா குறுக்கே வந்தார்.

வேலை என்னவென்றால், நான் ஒட்டியதையெல்லாம் நானே உரிப்பது. அடியில் இருக்கும் துளை தெரிந்தால்தான் புது அட்டை அடிக்க முடியும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி நட்சத்திரத்தையும் இறக்கையையும் உரித்தேன். அக்கா அந்த இலைகளை ஜோடி சேர்த்து, புது அட்டையின் மேல் வைத்து, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டித் துளை போட்டார். மத்தியானத்துக்குள் பதினாறும் தயார். அப்பா வாத்துகளைப் பிரித்துவிட்டு மறுபடி நெய்தபோது, அன்னம் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது. "தப்பா பேசிட்டேன் ஞானம்" என்றார் அப்பா. திருப்பி வாங்கிப் போனவர்களின் வீட்டுக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

நான் மூலையில் அழுதுகொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் காதைத் தொட்டுக் காட்டினார். கம்மல் எப்போதோ போய்விட்டது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தார்.

"எனக்கு ஒரு ஜோடி கம்மல் செஞ்சி குடு அமலி. இந்தக் குச்சியப் போட்டுகினு எத்தினி நாளு கோயிலுக்குப் போறது?"

"செய்றங்க்கா" என்றேன். செய்யவில்லை. தப்பு செய்தவள் நான். கோபம் வந்ததோ அவர் மேல். அவர் மட்டும் எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் என் ஆரம் என்னிடம் இருந்திருக்கும் என்று ஒரு வன்மம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பார்க்கும்போது, "இன்னா பத்தரம்மா, ஆச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பரீட்சை என்பேன், பசை இல்லை என்பேன். இரண்டு வருஷம் கேட்டார். பிறகு தேசூரில் இருந்த தங்கை வீட்டோடு போய்விட்டார்.

இப்போது எங்கள் தெருத் தறிகளில் அட்டை கிடையாது. டிசைன் பென் டிரைவில் வருகிறது. கட்டுகளைத் தூக்கி ஏற்றுகிற வேலை மிச்சம் என்று அப்பாவுக்கு அதில் சந்தோஷம்தான். நான் சென்னையில், பள்ளிக்கூட வேலை போக, சனி ஞாயிறுகளில் காகிதமும் வண்ணமும் ஜரிகையும் ஒட்டி நகை செய்கிறேன். கண்காட்சியில் வைத்தால் படித்த பெண்கள் விரும்பி வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஞானம் அக்கா தேசூரிலேயே காலமாகிவிட்ட செய்தி, அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு வந்தது. முகம் தெரியாத எத்தனையோ காதுகளுக்குக் கம்மல் செய்துவிட்டேன். அவர் கேட்டது ஒரே ஒரு ஜோடி. அன்றைக்கு அட்டை இருந்தது, பசை இருந்தது, பொழுதும் இருந்தது. மனம்தான் இல்லை.