என் கையெழுத்துக்கு ஒரு போர்டு

டிசைனர் வேலை என்பது நமக்குப் பிடித்ததை அடுத்தவர் காசில் அச்சடித்துப் பார்ப்பதுதான். ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் என்னைப் போன்ற பாவப்பட்ட ஜென்மங்களுக்கு இது தெரியும். நான் ஒரு படி மேலே போய், என் கோணல் கையெழுத்தையே கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு ஃபாண்ட் ஆக்கிவிட்டேன். திண்டுக்கல் கடைத்தெருவில் ஒரே ஒரு இடத்திலாவது அது தொங்கிவிட வேண்டும் என்று ஆசை. அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பூட்டுக்கடை

முதலில் மாட்டியவர் ஒரு பூட்டுக்கடைக்காரர். ஊர் முழுக்க இருக்கும் அதே தடித்த எழுத்து உங்களுக்கும் எதற்கு, இது பார்க்க சிநேகமாக இருக்கும் என்று வாய் வலிக்கப் பேசினேன். என் 'பூ' கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். அதுதான் ஸ்டைல் என்றேன். அவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எழுத்தே நேரா நிக்க மாட்டேங்குது தம்பி. இதைப் பாத்து எவன் பூட்டு வாங்குவான்?"

கண்ணீர் அஞ்சலி

செம்பட்டியிலிருந்து ஒருவர், இறந்துபோன தன் அப்பாவின் படத்தோடு வந்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று, அவரைக் கேட்காமலேயே என் எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' போட்டுக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அழுது வீங்கிய கண்ணோடு பார்த்தார். பாவம், கோபப்படக்கூட இல்லை.

"அப்பாவே எழுதிக் குடுத்துட்டுப் போன மாதிரி இருக்குண்ணே. மாத்திருங்க."

வீட்டில்

வீட்டிலாவது மதிப்பார்கள் என்று, கல்யாண நாளுக்கு மனைவிக்கு நாலு வரி வாழ்த்தை என் ஃபாண்டில் அடித்து, நல்ல தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்துதான் என்று சத்தியம்கூடச் செய்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"எல்லா 'அ'வும் ஒண்ணு போலவே இருக்கு. கையில எழுத அம்புட்டுச் சோம்பலா?"

பிரியாணிக் கடை

கடைசியாக, தெருமுனைப் பிரியாணிக் கடை பாய் புதுப் போர்டு கேட்டு வந்தார். இந்த எழுத்தில் பேர் போட்டால் இன்றைக்கு ஒருநாள் மட்டும் கடை போட்ட மாதிரி இருக்கும் என்று அவரும் தள்ளிவிட்டார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. படியிறங்கியவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். மதியம் தாண்டியதும் வாசலில் தொங்கவிட ஒரு அட்டை வேண்டுமாம்.

"'பிரியாணி தீர்ந்துவிட்டது'ன்னு இதே எழுத்துல போடுங்க தம்பி. அச்செழுத்துல போட்டா சனங்க முறைக்கிறாங்க. இதுன்னா நாமளே வருத்தப்பட்டு எழுதுன மாதிரி இருக்கு."

ஆசைப்பட்டபடியே என் எழுத்து இன்று கடைத்தெருவில் தொங்குகிறது. அதைக் கண்குளிரப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு எனக்குப் பிரியாணி கிடையாது, அவ்வளவுதான்.