தலைமுழுகிய பின் வந்த அரிப்பு

மகளை நாங்கள் தலைமுழுகிய மாதத்தில்தான் என் மனைவிக்கு அரிப்பு தொடங்கியது. மகள் ஒரு மலாய்க்காரரைக் கல்யாணம் செய்து, மதம் மாறி, ஆயர் ஈத்தாமில் குடியேறியிருந்தாள். சாவு வீட்டுக்குப் போய்வந்தவன் போல் நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மனைவி குளியலறை வாசலில் தயங்கி நின்றாள். நான் விடவில்லை, அவளையும் ஊற்றிக்கொள்ள வைத்தேன். இனி இந்த வீட்டில் மகள் பேச்சே வரக்கூடாது என்றேன். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான்.

முதலில் முன்கை அரித்தது. பிறகு தோள், கழுத்து. தடிப்பு இல்லை, சிரங்கு இல்லை, அவள் நகம் பட்ட கீறல்கள் மட்டுமே. வேப்பிலை அரைத்துப் பூசினோம். பெக்கான் நானாஸ் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைக்குத் தூக்கம்தான் வந்தது. கடைசியில் ஜொகூர் பாருவில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தோம். ரத்தம், ஈரல், சிறுநீரகம் எதிலும் குறையில்லை என்றார். அவர் சீனர், ஆங்கிலத்தில் பேசினார். மனைவிக்கு ஆங்கிலம் வராது. இடையில் நான்தான் மொழிபெயர்த்தேன்.

அரிப்பு வருவதற்கு முன் மனதைப் பாதிக்கும்படி ஏதாவது நடந்ததா என்று மனைவியைக் கேட்கச் சொன்னார். நான் அவளைக் கேட்கவில்லை. எதுவும் நடக்கவில்லை என்று நானே சொல்லிவிட்டேன். மனது நொந்தாலும் தோல் அரிக்கும், இது உங்கள் மனைவியின் கற்பனை இல்லை, மனநல மருத்துவரையும் பாருங்கள் என்றார் அவர். எங்கள் பக்கத்தில் அதற்குத் தம்போய் என்று பெயர். மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. 'தம்போய்க்குப் போறியா' என்பதுதான் என் மாணவர்களின் கேலி.

"என்ன சொல்றாரு?" என்றாள் மனைவி.

"கருவாடு, எறால் ஆகாதாம்."

நம்பினாள். பல வருஷம் இரண்டையும் தொடவில்லை. சாமியாராகப் போய்விட்டாயா என்று அவள் தங்கை கிண்டல் செய்தபோது சிரித்தாள். சிரித்தபடியே சொறிந்துகொண்டாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் கழுத்துக் கீறல் புண்ணாகிச் சீழ் வைத்தது. மருந்து போட்டுவிடும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. மகள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை. பழைய எண்ணில் வேறு யாரோ பேசினார்கள். ஆயர் ஈத்தாமில் அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. எங்கே மாறிப் போனார்கள் என்று அக்கம்பக்கத்திலும் தெரியவில்லை.

பிறகுதான் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். தமிழ்ப் பெண். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். திரும்பும்போது காரில் கேட்டேன், என்ன சொன்னார் என்று.

"மனசுல உள்ளத யார்கிட்டயாவது பேசணுமாம். அப்பதான் கொஞ்சம் கொறையுமாம்."

"என்கிட்ட பேசேன்."

"உங்ககிட்டயா?" என்றாள்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டுச் சொறியத் தொடங்கினாள். நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.