ஓடு கெட்டியாகும் வரை

என் தம்பி மணிபாரதி ஒரு இறாலைக் கையில் எடுத்தால் முதலில் வெயிலுக்கு நேரே பிடிப்பான். உடம்புக்குள் ஓடும் குடல் கறுப்பு நூல் மாதிரி முழுசாகத் தெரிந்தால் தீனி ஒழுங்காக எடுக்கிறது என்று அர்த்தம். விட்டு விட்டுத் தெரிந்தால் தண்ணீரில் கோளாறு. பிறகு ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துவான். மீசை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பான். எல்லாம் பார்த்துவிட்டுக் குனிந்து தண்ணீரில் விடுவான். மற்றவர்களைப் போல நின்றபடி வீசமாட்டான்.

நாங்கள் காரைக்கால் பக்கம் நெடுங்காட்டில் நெல் போடுகிற குடும்பம். எட்டாவதோடு நான் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். விலங்கியல் படித்தான். ஆந்திராவில் இறால் பண்ணைகளில் வேலை பார்த்தான். நல்ல சம்பளம். ஆனாலும் ஊரை விட்டு இருக்க முடியவில்லை என்று வந்துவிட்டான். பூவத்துக்குக் கிழக்கே சுப்பையன் மாமாவின் நிலம் உப்பேறி, நெல்லுக்கு உதவாமல் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு குளம் வெட்டி வனாமி இறால் விட்டான். முதல் அறுவடையிலேயே ஏஜெண்டுகள் தேடி வந்தார்கள்.

"இனிமே என்னைய யாரு கூப்புட்டாலும் போவமாட்டேங்க்கா. இந்தக் கொளம் போதும்" என்றான் அன்றைக்கு. அவன் மனைவி மதிவதனி, "எழுதிக் கையெழுத்து வாங்கிக்கங்க அண்ணி" என்று சிரித்தாள்.

கிலோவுக்கு முப்பது இறால் நின்றால் அதை முப்பது கவுண்ட் என்பார்கள். கவுண்ட் குறையக் குறைய இறால் பெரிது, விலையும் அதிகம். பெரிய இறால் அமெரிக்காவுக்குப் போகும். தம்பி அதற்காகவே பொறுத்திருந்து வளர்ப்பான்.

சென்ற வருஷம் பங்குனி மாதக் கடைசியில், அமெரிக்கா எல்லா நாட்டுச் சரக்குக்கும் வரி போடுகிறது என்று செய்தி வந்தது. இங்கே இறால் விலை உடனே இறங்கியது. ஒரு வாரத்தில், மூன்று மாதம் தள்ளி வைத்தாயிற்று என்றார்கள். விலை பழையபடி ஏறியது. அதை நம்பித்தான் சித்திரையில் தம்பி இரண்டு குளத்திலும் குஞ்சு விட்டான். வெயில் கடுமையாக இருந்த வருஷம். தண்ணீரைக் கலக்கிக் காற்று ஏற்றும் ஏரேட்டர் ஒரு நேரம் நிற்காமல் பார்த்துக்கொண்டான். சாப்பாட்டை நான் கொண்டு போனால் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவான், கண் மட்டும் தண்ணீரில் இருக்கும். ஆடி வந்தபோது எல்லாரும் மெச்சும்படி வளர்ந்திருந்தது.

அந்த ஆடியில்தான் இரண்டாவது செய்தி வந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காக இந்தியாவுக்கு இன்னொரு மடங்கு வரி. மொத்தம் ஐம்பது சதவீதம். ஆகஸ்ட் இருபத்தேழிலிருந்து.

சுப்பையன் மாமாவுக்கு இது விளங்கவே இல்லை.

"ஏண்டா பாரதி, நீ என்னைக்கு ரஷ்யாவுல எண்ணெ வாங்குன? நம்ம மோட்டாருக்கு டீசலு கோட்டுச்சேரி பங்க்லல்ல புடிக்கிறோம்?"

"கவருமெண்டு வாங்குதாம் மாமா."

"வாங்குனவன்ட்ட போயி கேக்க வேண்டியதானே. எறா என்ன பண்ணுச்சு?"

தம்பி சிரித்தான். அவன் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

ஆவணி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, அவனிடம் வழக்கமாக இறால் எடுக்கும் ஏஜெண்டு தமீம் அன்சாரி பாய் பைக்கில் வந்தார். நானும் மதிவதனியும் அங்கேதான் இருந்தோம். பாய் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, நாளைக்கு விடியல்ல வலை போட்டுடுங்க. ஐஸ் வண்டிக்குச் சொல்லிட்டேன். இருவத்தேழுக்குள்ள கப்பல் ஏறுற கடைசி லோடு இதான்."

தம்பி தண்ணீரில் இறக்கியிருந்த தீனித் தட்டைத் தூக்கி நான்கு இறாலை எடுத்தான். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். பாயின் கையிலும் ஒன்றைக் கொடுத்தான்.

"நீங்களே பாருங்க பாய்."

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் சட்டை உரிக்கும். பழைய ஓட்டைக் கழற்றிவிட்டால் புது ஓடு கெட்டியாகச் சில நாள் ஆகும். அதுவரை உடம்பு இளகி, துணி மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் வலை போட்டால் ஒன்றோடொன்று நசுங்கும், ஐஸில் நிறம் மாறும். அமாவாசைக்குக் கிட்டத்தில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் எவரும் வலை தொடமாட்டார்கள்.

"பாதி சாஃப்ட்டா இருக்கு. இதப் புடிச்சா ஏத்துமதிக் கம்பெனில கழிச்சுக் கட்டிடுவாங்க."

"கழிக்கட்டும். பாதியாவது தேறும்ல? அப்புறம் வந்தா எவனும் குளத்தயே எட்டிப் பாக்கமாட்டான் தம்பி. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்."

"நாலஞ்சு நாளு பாய். ஓடு கட்டிடும். இத்தன நாளு வளத்துட்டு நசுக்கிக் குடுக்கச் சொல்றீங்களே."

"ஓடு கட்டுற வரைக்கும் அமெரிக்காக்காரன் காத்துக்கிட்டு இருப்பானா?"

"பேச்சுவார்த்த நடக்குதுன்னு நியூஸ்ல சொல்றான்ல? போன தடவயும் கடைசி நேரத்துலதானே தள்ளி வச்சாங்க."

பாய் வெகு நேரம் நின்றார். மதிவதனி டீ கொடுத்தாள், குடிக்கவில்லை. "நீங்க எறாவப் பாக்குறீங்க, நான் தேதியப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி சொன்னபடியே ஓடு கட்டியது. இருபத்தேழாம் தேதி பிள்ளையார் சதுர்த்தி. குளக்கரையில் களிமண் பிள்ளையார் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு இறாலை எடுத்து என்னிடம் கொடுத்தான். அழுத்திப் பார்த்தேன். நகம் போலக் கெட்டியாக இருந்தது. முப்பது கவுண்டைவிடப் பெரிதாகவே இருக்கும். அன்றைக்கு வரி அமலுக்கு வந்துவிட்டது. தம்பி கூப்பிட்டதும் பாய் போனை எடுத்தார். "கம்பெனி கேட்டையே சாத்திட்டான் தம்பி" என்றார்.

வேறு ஏஜெண்டுகள் சொன்ன விலை தீனிச் செலவுக்கே கட்டாது. விலை ஏறும் என்று அவன் காத்திருந்தான். தினமும் சாயங்காலம் செய்தி கேட்பான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருந்தது. இறால் வளர வளரக் குளத்தில் நெரிசல். ஒரு காலையில் காக்கைகள் கூட்டமாக வடக்குக் கரையில் இறங்கியிருந்தன. இறால்கள் ஓரத்துக்கு வந்து, சிவந்து, ஒருக்களித்துக் கிடந்தன. தலையோட்டில் வெள்ளைப் புள்ளி. மனுஷருக்கு ஒன்றும் செய்யாது, இறாலைக் கூண்டோடு கொல்லும் நோய். தம்பி ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். குடலில் ஒன்றுமே இல்லை.

உயிரோடு இருந்ததை அன்றைக்கே பிடித்தோம். காரைக்கால் மார்க்கெட்டில் நானும் மதிவதனியும் தரையில் குவித்து உட்கார்ந்தோம். அந்தப் பெரிய இறாலைப் பார்த்து எல்லாரும் நின்றார்கள்.

"அடேயப்பா, எம்மாம் பெருசு! வளப்பு எறாவா?" என்று கேட்ட ஒரு அம்மா, விலையைக் கேட்டுவிட்டு, "புரட்டாசி பொறந்துடுச்சேடி, யாரு திங்கிறது?" என்று கூட வந்தவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். முஸ்லிம் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் வாங்கினார்கள். மிச்சத்தைக் கருவாட்டுக்காரர் அள்ளிக்கொண்டு போனார். தம்பி சற்றுத் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தான்.

தீனிக் கடைப் பாக்கி இருந்தது. அடுத்த குஞ்சுக்கு யாரும் கடன் தரத் தயாராக இல்லை. தமீம் அன்சாரி பாய் ஒரு நாள் வீட்டுக்கே வந்து, சவூதியில் ஒரு இறால் பண்ணைக்கு ஆள் கேட்கிறார்கள், தன் மச்சான் விசா வாங்கித் தருவார் என்றார். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கு இந்த அளவு வரி இல்லையாம்.

"அங்கயும் வனாமிதானா பாய்?" என்று நான் கேட்டேன்.

"அதே எறாதாம்மா. ஊருதான் வேற."

தம்பி உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு விசாவுக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பினான்.

ஐப்பசியில் போய்விட்டான். அங்கே அவனுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்று மதிவதனி எல்லாரிடமும் சொல்கிறாள், நானும்தான் சொல்கிறேன். கார்த்திகை மழை விடாமல் கொட்டியதில் குளம் எப்படி இருக்கிறதோ என்று பூவம் போய்ப் பார்த்தேன். வடக்குக் கரை முழுசாக உடைந்து, நடுக்கரையும் கரைந்து இரண்டு குளமும் ஒன்றாகிக் கிடந்தன. சுப்பையன் மாமா குடையோடு நின்றிருந்தார். "மண்ணடிச்சாலும் நெல்லு வராதும்மா. உப்பு இன்னும் ஏறிப் போச்சு" என்றார்.

அன்று தம்பி போன் செய்தான். அங்கே வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"கொளத்துப் பக்கம் போனியாக்கா? கரையெல்லாம் ஒடையாம இருக்கா?"

"இருக்குடா" என்றேன்.