ஆலங்கண்மாய்க்கு வந்த விமானம்

போன வாரம் தேனியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டார்கள். எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. காதை மூடச் சொல்லவில்லை என்பதால் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு தேசத்தில் பெரிய விமானம் ஒன்றை, போக வேண்டிய ஊரை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரின் சின்ன ஓடுதளத்தில் இறக்கிவிட்டாராம் விமானி. யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை என்றாள் செய்தி வாசித்த பெண். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். "நம்ம மினி பஸ் டிரைவர் மாதிரில்ல இருக்கான்" என்றார் என் பக்கத்தில் இருந்தவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கிய கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சின்ன இடத்திலிருந்து அதை மறுபடி எப்படிக் கிளப்பினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பெட்ரோல் வாடை இன்றைக்கும் எனக்கு ஆகாது. பேருந்து நிலையத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்க்கிறவர்கள், இந்த வயதில் கிழவிக்குப் பவுசைப் பார் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். அந்த வாடையை நான் முதன்முதலில் முகர்ந்தது எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் நின்றுகொண்டுதான்.

மயிலாடும்பாறைக்கும் கடமலைக்குண்டுக்கும் நடுவில், பாதையை விட்டு மலைப்பக்கமாக ஒதுங்கிக் கிடந்த ஊர் அது. கண்மாயின் பெயரே ஊருக்கும் பெயர், ஆலங்கண்மாய். மழை பெய்தால் மலையிலிருந்து ஓடை வரும். ஓடைத் தண்ணீர் கண்மாயில் நிற்கும். அது நின்றால்தான் வயலுக்கும் கிணற்றுக்கும் தண்ணீர். எங்களுக்கு வேறு கதி கிடையாது. அதனால் வைகாசி பிறந்தால் தப்பு அடித்து ஊரைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாகப் போய்க் கரைக்கு மண் போட வேண்டும். ஆள் அனுப்ப முடியாத வீடு ஒரு பானை கூழ் அனுப்பும்.

அப்பாவையும் ஆத்தாவையும் காலரா ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. என்னை வளர்த்தது அண்ணனும் மதினியும். மதினி லோயர் கேம்ப் பக்கத்துக்காரி. பெரியாற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் கண்மாயைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணிதானா? இத வச்சா ஊரே பொழைக்கிது?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஊருக்குள் அவளுக்கு ஆத்துத்தண்ணிக்காரி என்று பெயர். ஆனால் பானையின் அடியில் தங்கிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் கீரைப் பாத்திக்கு ஊற்றியவள் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான்.

வெள்ளைக்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டதால் மாசியிலேயே கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நாங்கள் அதற்குள் கொள்ளு காயப் போட்டிருந்தோம். காலையில் நான் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி. முதலில் சத்தம் வந்தது, பிறகு காற்று, பிறகு அது வந்தது. ஓடத் தோன்றவில்லை எனக்கு. கொள்ளுக் குவியலின்மேல் குப்புற விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். உயிரைவிடக் கொள்ளு பெரிதாகப் பட்டிருக்கிறது, பாருங்கள்! எழுந்து பார்த்தால், எங்கள் தெருவையே அடைத்துவிடும் அகலத்துக்கு இரண்டு இறக்கையை விரித்துக்கொண்டு, கரைக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றிருந்தது.

உள்ளேயிருந்து செம்பட்டைத் தலையோடு ஒரு பையன் இறங்கினான். அவன்தான் ஓட்டி வந்தவன். அண்ணன் வயதுகூட இருக்காது. கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து, தரையைக் காட்டி, "மதுரா?" என்றான். ஊருக்குப் பெரியதனமாக இருந்தவர் எங்கள் பெரியப்பா. நாமும் மதுரை ஜில்லாதானே என்று அவர் ஆமாம் எனத் தலையாட்டிவிட்டார். அந்தப் பையன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மதுரை இப்படியா இருக்கும் என்று அவனும் யோசிக்கவில்லை.

கடமலைக்குண்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாசிலாமணி அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியும். வண்டி கட்டிப் போய் அவரைக் கூட்டிவந்த பிறகுதான் விசயம் விளங்கியது. வைகையைப் பிடித்துக்கொண்டு வந்தால் மதுரை வரும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பனிக்குள் ஊர் தெரியாமல் போக, ஆற்றை விடாமல் பிடித்துக்கொண்டு அது பிறக்கிற மலைக்கே வந்துவிட்டான். மூன்று பக்கமும் மலை, எண்ணெயும் தீரப்போகிறது. அந்த நேரத்தில் பனி கொஞ்சம் விலகியபோது கண்ணுக்குப் பட்ட சமதரை எங்கள் கண்மாய்.

ஊர் திருவிழாக்கோலம் கொண்டது. முன்சக்கரத்துக்குத் தேங்காய் உடைத்தார்கள். ஒருத்தி ஆரத்தி சுற்றிவிட்டு, பொட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சக்கரத்தில் வைத்தாள். நான் அந்தச் சக்கரத்தைத் தொட்டுவிட்டு, கரி ஒட்டிய கையைக் கழுவாமல் ஒரு நாள் முழுக்க எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். செம்பட்டைத் தலைப் பையனுக்கு மதினிதான் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்தாள். வெங்காயத்தைக் கடித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டு கும்பா குடித்தான். "யாரு பெத்த பிள்ளையோ" என்றாள் மதினி.

மறுநாள் மதுரையிலிருந்து லாரிகளில் பட்டாளத்து ஆட்கள் வந்தார்கள். பெட்ரோல் பீப்பாய்கள் வந்தன. பெரிய அதிகாரி ஒருவர் கண்மாய்க்குள் மேலும் கீழும் நடந்து பார்த்தார். இறங்குவதற்குப் போதுமான தூரம், ஏறுவதற்குப் போதாதாம். மேற்கே மலை. கிழக்கே கரை. கரைக்கு அந்தப் பக்கம் அறுத்து முடித்த வயல்கள், வரப்பை நிரவினால் நேராகக் கிடக்கும். கரையை மட்டும் இறக்கை அகலத்துக்கு வெட்டிவிட்டால் போய்விடலாம் என்றார். மழைக்கு முன்னால் ஆட்களை அனுப்பி முன்னைவிடப் பலமாகக் கட்டித் தருவோம் என்றும் சொன்னார். மாசிலாமணி அண்ணாச்சி அதைத் தமிழில் சொன்னதும், அதிகாரி பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு தகரப் பெட்டி பிஸ்கட்டும் கொடுத்தார். அவர் பொய் சொன்னதாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

ஊர் கூடியது. எல்லோருக்கும் சம்மதம். மதினி மட்டும் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, கரைய வெட்ட வேணாம். அந்த ஏரோப்பிளேன கழட்டி லாரியில ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"வந்த விருந்தாளியக் கழட்டியா அனுப்புறது? என்ன பேச்சுத்தா பேசுற? ஆத்துத்தண்ணிக்காரிக்குக் கண்மாயப் பத்தி என்ன தெரியும்?" என்றார் பெரியப்பா. கூட்டம் சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "நீ வீட்டுக்குப் போ" என்றான்.

அடுத்து நடந்ததை நினைத்தால்தான் எனக்கு ஆறுவதே இல்லை. பட்டாளத்து ஆட்களே வெட்டியிருப்பார்கள். ஆனால் எங்கள் கண்மாய் வேலையை இன்னொருவர் செய்வதாவது! தப்பு அடித்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டி, கூடை, பானை பானையாகக் கூழ். வைகாசியில் மண் போட்ட அதே கைகள் அன்று சிரித்துப் பேசிக்கொண்டே வெட்டின. பொழுது சாய்வதற்குள் கரையில் பெரிய வாய் திறந்துவிட்டது. மறுநாள் காலை அந்த வழியாக விமானம் ஓடி, வயல்களைத் தாண்டி எழும்பிப் போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அண்ணனும் தட்டினான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. எவன் மாடு வரப்பை உடைத்ததோ அவன்தான் வந்து கட்ட வேண்டும். கட்டித் தருகிறேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போன பிறகு, வேறு யாரும் அந்த இடத்தில் மண்வெட்டி வைக்கக் கூடாது. வைத்தால் உன் சொல்லை நம்பவில்லை என்று அர்த்தம். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துபோகும். ஊருக்குள் அது ஒருநாளும் பொய்த்ததில்லை. சொன்னவன் பக்கத்து வீட்டில்தானே இருப்பான், எங்கே போய்விடுவான்?

வைகாசி வந்தது. அந்த வருசம் தப்பு அடிக்கவில்லை. "வாக்குக் குடுத்துட்டுப் போயிருக்காக. நாம அடைச்சா அவுக மூஞ்சியில அடிச்ச மாதிரி" என்றார் பெரியப்பா. ஆடி வந்தது. மாசிலாமணி அண்ணாச்சி மதுரைக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். அந்த அதிகாரி பர்மாப் பக்கம் சண்டைக்குப் போய்விட்டாராம். வேறு யாருக்கும் எங்கள் ஊரே தெரியவில்லையாம். பெரியப்பா பிஸ்கட் பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "சண்டை முடிஞ்சதும் வருவாக" என்றார்.

புரட்டாசியில் ஒருநாள் காலை, மதினி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். நானும் கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் வெட்ட, நான் சுமந்தேன். உச்சிப்பொழுது வரை போட்ட மண் அந்த வாயின் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. கரைமேல் ஆண்கள் வந்து வரிசையாக நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. அண்ணன்தான் இறங்கி வந்தான்.

"ஊரு சொல்லுக்குள்ள நிக்கணும். வா வீட்டுக்கு."

"மழை ஒங்க சொல்லுக்குள்ள நிக்குமா?" என்று கேட்டாள் மதினி. அவன் அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

ஐப்பசியில் மழை பெய்தது. அப்படி ஒரு மழையை அதற்கு முன்னும் பின்னும் அந்த ஊர் பார்க்கவில்லை. ஓடை பெருகிக் கண்மாய்க்குள் வந்தது. வந்த வேகத்திலேயே திறந்த வாய் வழியாகப் போனது. போகும்போது வாயின் இரண்டு பக்கத்துக் கரையையும் கரைத்துக்கொண்டு போய், வயல்கள்மேல் ஆள் உயரத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போனது. மழை விட்டபோது கண்மாயில் சேறு மட்டும் இருந்தது. பெரியப்பா கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதற்கப்புறம் கட்டலாம் என்று நினைத்தபோது, வெட்டியது ஓர் இறக்கை அகலம், கட்ட வேண்டியது பாதிக் கரை. அடுத்த வருசம் மழையே இல்லை. கிணறுகள் வற்றின. ஒவ்வொரு குடும்பமாகக் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூப்பிட வீடு இருக்க வேண்டுமே.

அண்ணன் ஏலக்காய் மலைக்குக் கூலிக்குப் போனான். மலைக்காய்ச்சல் அவனை ஊர் திரும்ப விடவில்லை. மதினி என்னைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த ஊருக்கே போனாள். வாய்க்கால் கரையில் துணி துவைக்கும்போது சில நாள் கையை நிறுத்திவிட்டு ஓடுகிற தண்ணீரையே பார்ப்பாள். "இங்கன ஓடுது பாரு. யாருக்கு ஓடுது இது" என்பாள். சாகும்வரை அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்காவது கோபம் இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஊர் இருந்த இடத்தில் உரல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல் மண்டிவிட்டது. இனி எந்த விமானத்துக்கும் மேலேயிருந்து அது சமதரையாகத் தெரியாது. ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தியிடம் வழி கேட்டால், "ஆலங்கண்மாயா? அப்பிடி ஒரு ஊரே இங்கன இல்லயே ஆத்தா" என்றாள்.

கரையில் அந்த வாய் மட்டும் இருக்கிறது. கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன இடம். மதினியைத் தவிர இன்றுவரை யாரும் அதில் மண்வெட்டி வைக்கவில்லை.