கழற்றிச் செருகிய மைக்

குழந்தைகளுக்கான தமிழ்ப் பாடங்களை வீட்டிலிருந்தே வாசித்து, பதிவு செய்து அனுப்புவது என் வேலை. செம்பூரில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே ரிக்‌ஷாக்கள் ஓயாமல் ஹார்ன் அடிக்கும். அதனால் அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே யுஎஸ்பி மைக்கை வைத்து, தலையை உள்ளே நீட்டிக்கொண்டு படிப்பேன். ஃபேன் இரைச்சல் விழாமலிருக்க லேப்டாப் நீள வயரோடு கட்டில்மேல் தள்ளியிருக்கும். பதிவு செய்யும் மென்பொருளை மூடுவதே இல்லை. மூடினால் செட்டிங் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கும், அதற்கு அவ்வளவு திமிர்.

அடுத்த வருடத்துச் சரித்திரப் பாடங்கள் முழுவதையும் எனக்கே தருவதாகப் பேச்சு இருந்தது. அந்த நேரம் பார்த்து, அனுப்பியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. கம்பெனியில் என்னோடு பேசும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடம், வாய்ஸ்ல தம் இல்ல. எங்கயோ தூரத்துலேர்ந்து பேசற மாதிரி இருக்கு."

போட்டுக் கேட்டேன். உண்மைதான். ஆனால் திரையில் என் மைக்கின் பெயர் இருந்தது, பச்சைக் கோடு என் பேச்சுக்கேற்ப ஏறி இறங்கியது. கருவியில் குறை இல்லையென்றால் குறை என்னிடம்தான். ஐஸ்க்ரீமை விட்டேன். மாதுங்கா போய் அதிமதுரம் வாங்கி வந்து மென்றேன். ஒரு நாள் சாப்பிடும்போது, என் குரல் நிஜமாகவே போய்விட்டதா என்று கணவரிடம் கேட்டேன்.

"வயசாறதோல்லியோ," என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டு. "எல்லாருக்கும் அப்படித்தான்."

அன்று நிறைய அழுதேன். மறுநாள் நானே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். சரித்திரப் பாடங்கள் வேறொருத்திக்குப் போயின.

பிறகு ஒரு காலை அலமாரியைத் துடைக்கும்போது துணி மைக்கில் நன்றாக உரசியது. பச்சைக் கோடு அசையவில்லை. மைக்கைத் தட்டினேன், அப்போதும் அசையவில்லை. கட்டில் பக்கம் திரும்பி இருமினேன், குதித்தது. இத்தனை நாளும் லேப்டாப் தன் சொந்த மைக்கில்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் யாரோ வயரைக் கழற்றியதும் மென்பொருள் அதற்குத் தாவியிருக்கிறது. மறுபடி செருகிய பிறகும் திரும்பி வரவில்லை, பெயரை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லையே பாவி என்று அதைத் திட்டினேன். மூடித் திறந்து படித்துப் பார்த்தேன். குரல் கணீரென்று வந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவர் வாஷி ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"ட்ரெய்னுக்குப் போறதுக்கு முன்னாடி மைக்கை உருவிட்டு, ஃபோனுக்கு அந்த எடத்துல கொஞ்சம் சார்ஜ் போட்டுண்டேன். திரும்பச் செருகித்தானே வெச்சேன்."

"கழட்டினப்போ ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரலையா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "வந்தது. மைக் காணோம், லேப்டாப் மைக்குக்கு மாத்தறேன்னு. ஓகே அடிச்சேன். சொன்னா நீ கத்துவே. சரி, சோடோ, போட்டும்னு விட்டுட்டேன்."

மென்பொருள் சொல்லியிருக்கிறது.

"வயசாறதுன்னு சொன்னேளே, அப்பவும் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினார்.

இப்போதெல்லாம் பதிவு செய்ததைப் போட்டால் பக்கத்தில் வந்து நின்று, நன்னா இருக்கே என்கிறார். என் காதால் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.