பனியில் விரித்த மேசைக் கம்பளம்

கடலோரச் சமவெளியான ஃபிரீஸ்லாந்தில் ஹிஸ்கெயின் வீட்டு மாடியறைக்கு வாடகைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு எது குறைந்தாலும் பதில் குறையாது. இந்த ஊரில் மலையே இல்லையா என்றால், கடலை மறித்த கரைமேல் ஏறி நில்லுங்கள், அதுதான் எங்கள் மலை என்பாள். விளக்குப் போட்ட பிறகும் சன்னலுக்குத் திரை போடுவதில்லையே என்றால், ஒளித்து வைக்க என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் பிரேசிலிலிருந்து வந்த மரீசா கேட்பதற்கென்றே பிறந்தவள். பட்டாணி சூப் ஏன் இப்படிக் களியாக இருக்கிறது என்றாள்.

“கரண்டி நட்டு வச்சா நிக்கணும். சாஞ்சா அது சூப் இல்ல, பாத்திரம் கழுவின தண்ணி.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கால்வாய்கள் உறைந்தன. எத்தனையோ வருஷம் கழித்து வந்த பனி. ஊருக்கே பித்துப் பிடித்துவிட்டது. பல் மருத்துவர் கதவைச் சாத்திவிட்டுப் பனிச்சறுக்குக் காலணியின் அடி இரும்பைத் தீட்ட உட்கார்ந்தார். கால்வாய்ப் பனியில் பந்தயம் நடத்தும் குழுவின் தலைவர் ஹிஸ்கெயின் அண்ணன் டுர்க். அவர் பனியில் துளை போட்டுக் கனம் பார்த்து, நாளைக்கு ஏழு ஊர்ச் சுற்று உண்டு என்று அறிவித்தார்.

ஏழு ஊரையும் சறுக்கிச் சுற்றி வந்தால் ஒரு சின்னச் சிலுவைப் பதக்கம். அப்பா வாங்கினார், அண்ணன் வாங்கினார், அண்ணிகூட வாங்கிவிட்டாள். ஹிஸ்கெ மட்டும் ஒவ்வொரு தடவையும் பாதியில் திரும்பியவள். “உன் வாய்க்குச் சறுக்குக் கட்டை கட்டியிருந்தா எப்பவோ முடிச்சிருப்பே” என்பது டுர்க்கின் பழைய கேலி. மறுநாளுக்கு மறுநாள் மழையாம். அவளுக்கோ வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. இப்போது விட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது.

மறுநாள் எதிர்க்காற்று முகத்தில் அறைய, முழங்கால் கெஞ்ச, ஆறு ஊரைத் தாண்டிவிட்டாள். சொந்த ஊர்ப் பாலத்தடிக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இருட்டினால் பந்தயம் முடியும் கோட்டில் கயிறு கட்டி அடைத்துவிடுவார்கள். பாலத்துக்கடியில் பனி இறுகவில்லை. அங்கே கரையேறி, சறுக்குக் காலணியோடே தரையில் நடந்து மறுபக்கம் இறங்க வேண்டும். இரும்பு மழுங்காமலிருக்க ஊரார் பழைய கம்பளங்களை விரித்திருப்பார்கள். மிதிபட்டு மிதிபட்டு அவை நைந்துபோய், அடியிலிருந்த சரளைக்கல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. கழற்றி மாட்டலாமென்றால் விரல் மரத்துக் கிடந்தது, நாடாவும் உறைந்து போயிருந்தது.

கரையில் நின்ற மரீசா, ஏன் எல்லாரும் நின்றுவிட்டீர்கள் என்றாள். கம்பளம் இல்லை என்றாள் ஹிஸ்கெ. மரீசா எடுத்தாள் ஓட்டம். திரும்பி வந்தபோது தோளில் ஒரு சிவப்புக் கம்பளம், குஞ்சம் தொங்க.

பார்த்த மாத்திரத்தில் ஹிஸ்கெ அதை அடையாளம் கண்டுகொண்டாள். அது அவள் அம்மாவின் மேசைக் கம்பளம். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மேசைமேல் கம்பளம் விரிப்பார்கள். அதன்மேல் தட்டு இல்லாமல் ஒரு காப்பிக் கோப்பையைக்கூட ஹிஸ்கெ வைக்க விட்டதில்லை.

“கம்பளம் தரையில போடுறதுதானேக்கா? யாரோ தெரியாம மேசை மேல போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்.”

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். ஹிஸ்கெ கம்பளத்தைப் பார்த்தாள், மேற்கே மங்கிக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“போடு மரீசா, நல்லா இழுத்துப் போடு. எங்கம்மாவும் அந்தச் சிலுவைக்கு ஆசைப்பட்டுக் கெடைக்காமத்தான் போனா.”

முதல் ஆளாக மிதித்தவள் அவள்தான். காலடியில் குஞ்சம் அறுபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கோடு வரைக்கும் அவள் எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்திக்கொண்டே போனதாக ஊரார் சொல்கிறார்கள்.

டுர்க் கயிற்றை இழுத்துக் கட்டப் போனவர், அவளைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். சிலுவையை அவள் உள்ளங்கையில் வைத்து, ஏற இறங்கப் பார்த்தார்.

“இதைவிட மோசமாக்கூட இருந்திருக்கலாம்” என்றார்.

பின்னாலேயே ஓடி வந்திருந்த மரீசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இவ்வளவுதானா? கூடப்பொறந்த தங்கச்சியப் பாராட்ட ஒரு வார்த்தை கெடையாதா?”

“பாராட்டிட்டாரே” என்றாள் ஹிஸ்கெ. கண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. “இதுக்கு மேல எங்க ஊர்ல யாரும் யாரையும் புகழ்ந்ததில்ல. தன்னோட மூத்த பொண்ணு பொறந்தப்போ கையில வாங்கி, அண்ணன் இதைத்தான் சொன்னாரு.”